கிளட்சு அவள் காலில், கியர் அவர் கையில்

ஒரு சலவைக்கடைக்கு யார் முதலாளி என்று பெயர்ப்பலகையைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. வண்டிச் சாவி யார் இடுப்பில் தொங்குகிறதோ அவர்தான் முதலாளி. வெளுப்பதும் அலசுவதும் தேய்ப்பதும் நாலு சுவருக்குள் நடக்கிற வேலை, அதை எவனும் எட்டிப் பார்ப்பதில்லை. ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தி, மடிப்புக் கலையாத விரிப்புகளை இறக்கி வைத்து, "அடுத்த லோடு எப்ப எடுத்துக்கட்டும்?" என்று கேட்கிறவனைத்தான் ஊர் பார்க்கும்.

அந்தச் சாவி பல வருஷமாக அவள் வீட்டுக்காரர் இடுப்பில் தொங்கியது. அவருடைய இடது முழங்கால் கைவிட்டபோது அவர் தம்பியின் இடுப்புக்குப் போனது. அங்கேயிருந்து அதை அவள் எப்படிப் பிடுங்கினாள் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

தெருவில் அவளுக்கு லாண்டரியம்மா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும். ஐம்பதைத் தொட்ட உடம்பு, கட்டையான கைகள், முழங்கைக்குக் கீழே சூடு பட்ட தழும்புகள் வரிவரியாக. கல்யாணமாகி வந்தபோது கடை என்று சொல்ல ஒரு தொட்டியும் ஒரு இஸ்திரிப் பெட்டியும்தான். இன்றைக்கு உள்ளே இரண்டு வாஷிங் மெஷின் உறுமுகிறது, சுவரோரம் ஆவி கக்குகிற பெரிய பிரஸ் மெஷின் நிற்கிறது. அதுதான் அவளுடைய இடம். காலால் பெடலை மிதித்தால் மேல் பலகை இறங்கித் துணியை அமுக்கும், காலை எடுத்தால் ஏறும். அரைகுறையாக மிதித்துக்கொண்டு நின்றால் ஆவிதான் வீணாகும், துணியில் ஒரு சுருக்கம்கூடப் போகாது. வேலைக்கு வரும் பெண்களிடம் அவள் கத்துவது ஒன்றே ஒன்றுதான்: "மிதிச்சா முழுசா மிதி! எடுத்தா முழுசா எடு! நடுவுல நின்னு ஊஞ்சலாடாத!"

வண்டி பழைய நீளமான கார். துணி மூட்டைக்காகப் பின் சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் மூட்டைகள் உட்காரும்.

முழங்கால் போவதற்கு முன்னால் போனது கிளட்சு. வண்டி மேட்டில் ஏறாமல் வெறுமனே கத்த ஆரம்பித்ததும் பெருச்சாளியிடம் கொண்டுபோனார்கள். எந்த நேரமும் வண்டிக்கு அடியிலேயே கிடப்பதால் அந்த மெக்கானிக்குக்கு அந்தப் பெயர். வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்கு அவன் கால்களைத்தான் தெரியும், முகத்தைத் தெரியாது. அன்றைக்கு வெளியே ஊர்ந்து வந்து, கருகிப்போன வட்டத் தகடு ஒன்றை அவள் கையில் கொடுத்தான்.

"பாருங்கக்கா. தேஞ்ச செருப்பு மாதிரி இருக்கா? இதை வண்டி தேய்க்கல. அண்ணன் கால் தேச்சிருக்கு."

"என் காலா?" என்று துள்ளினார் வீட்டுக்காரர். "நான் என்னடா பண்ணேன்?"

"கியர் மாத்தினதும் காலை எடுத்துத் தரையில வைக்கணும்ணே. நீங்க கிளட்சு மேலயே பாதத்தைத் தூங்கப் போட்டுடறீங்க."

"நான் மிதிக்கிறதே இல்லடா. சும்மா காத்து மாதிரி தொட்டுக்கிட்டிருப்பேன்."

"அந்தக் காத்துதாண்ணே தின்னுடுச்சு."

அவள் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பெடலில் பாதி மிதித்து நிற்கிற பெண்களைப் பார்த்துக் கத்துகிறோமே, அந்தக் கத்தலைத் தினமும் கேட்டுக்கொண்டே இந்த மனுஷன் வண்டியில் அதையேதான் செய்திருக்கிறார் என்று புரிந்தது. சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

அப்புறம் முழங்கால். சிக்னலில் நிற்கும்போதுகூட நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டுக் காலை ஆற விடாமல், முதல் கியரைப் போட்டு கிளட்சை அமுக்கியபடியே பச்சை விளக்குக்காக உறுமிக்கொண்டு நிற்பது அவர் வழக்கம். முன்னால் நிற்பவன் நகர்வதற்குள் நகர்ந்துவிட வேண்டும் என்ற வீராப்பு. முட்டி தேய்ந்ததற்கு ஆயிரம் காரணம் இருக்கும். ஆனால் பெருச்சாளி, "வண்டிக்கும் அண்ணனுக்கும் ஒரே வியாதி" என்று சொல்லிவிட்டுத் திரும்ப அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். ஆபரேஷன் முடிந்து வந்தவர் நடந்தார், உட்கார்ந்தார், எல்லாரையும் அதட்டினார். கிளட்சை மட்டும் மிதிக்க முடியவில்லை.

கொழுந்தன் வந்தான். நல்லவன்தான், கெட்டவன் என்று சொல்ல முடியாது. ஒரு கை ஜன்னலுக்கு வெளியே, ஒரு கை கியர்க்கம்பியின் தலைமேல், ஸ்டியரிங்குக்கு விரல்நுனி மட்டும் என்று ஓட்டுகிற ரகம். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் கால் ஒரே அச்சு. அவன் ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினால் வண்டியிலிருந்து தீய்ந்த வாடை வரும்.

வாடையைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். ஒரு நாள் போனில் அவன் ஆஸ்பத்திரிக்காரர்களிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"எதுன்னாலும் எங்கிட்டயே கேளுங்க மேடம். அண்ணனுக்கு முடியல. அண்ணி உள்வேலை பாத்துப்பாங்க, அவங்களுக்கு வெளிய ஒண்ணும் தெரியாது. இனிமே நம்ம லாண்டரிக்கு எல்லாமே நான்தான்."

நம்ம லாண்டரி. பிரஸ் மெஷினில் நின்றபடி அவள் அதைக் கேட்டாள். பெடலை மிதித்தாள். பலகை இறங்கியது. ஆவி அடங்கியதும் காலை முழுசாக எடுத்தாள். சாயங்காலம் வீட்டுக்காரரிடம் போய் நின்றாள்.

"எனக்கு வண்டி கத்துக் குடுங்க."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பு பாதியிலேயே செத்துப்போனது.

"உனக்கு எதுக்குடி இந்த வம்பெல்லாம்? தம்பி ஓட்டறான்ல?"

"உங்க தம்பி வண்டியை ஓட்டல. கடையை ஓட்டிக்கிட்டுப் போறான். நீங்க இங்க காலை நீட்டி உக்காந்து எல்லாரையும் அதட்டிக்கிட்டிருங்க, ஒரு நாள் அவன் வந்து உங்களையே 'யாரு நீங்க'ன்னு கேக்கப் போறான்."

வெளியூரில் இருக்கும் மகள் போனில் கெஞ்சினாள். "அம்மா, இந்த வயசுல கிளட்சு கியருன்னு மல்லுக்கட்டாதம்மா. நாங்க உனக்கு ஆட்டோமேட்டிக்கா ஒண்ணு பாத்துத் தர்றோம். காலை வெச்சா போகும், எடுத்தா நிக்கும்."

"ஓடற வண்டி ஒண்ணு நிக்குது இங்க. அதை விட்டுட்டு எதுக்குடி இன்னொண்ணு? எனக்கு ரெண்டு கால் இருக்கு, ரெண்டுக்கும் வேலை குடுக்கறேன். போனை வை."

இப்படித்தான் படிப்பு ஆரம்பித்தது. கொழுந்தன் மாலையில் வண்டியைக் கடைவாசலில் விட்டுவிட்டு, "மெதுவா அண்ணி, சுவரு பாவம்" என்று சொல்லிச் சாவியைக் கொடுப்பான். பழைய சந்தை மைதானத்துக்கு அவர்கள் இரண்டு பேரும் போவார்கள். வீட்டுக்காரர் லைசென்ஸ்காரர், பக்கத்து சீட்டில் உட்கார்வார். பொறுமை என்ற சாமானை அவருக்கு யாரும் விற்கவே இல்லை.

"கிளட்சை அமுக்கு. அமுக்குடி! விடு. மெதுவா விடு. ஐயோ!"

வண்டி ஒரு குதி குதித்து அணையும்.

"கத்தாதீங்க."

"நான் எங்கடி கத்தறேன்? சொல்றேன்!"

ஆனால் அவள் காலுக்கு இது சீக்கிரம் பிடிபட்டது. வருஷக்கணக்காக பெடல் மிதித்த கால் அது. மேலே வரும்போது ஓர் இடத்தில் வண்டி லேசாக முன்னால் இழுக்கும், மூக்கைத் தாழ்த்தும், என்ஜின் சத்தம் கனக்கும். அந்த இடம் அவளுக்கு மூன்றாவது மாலையிலேயே பழகிவிட்டது. அந்த இடத்தில் ஒரு மூச்சு நின்று, ஆக்சிலேட்டரை ஊட்டி, அப்புறம் காலை முழுசாக எடுத்துத் தரையில் வைத்துவிடுவாள். வீட்டுக்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் கோளாறு நடந்தது.

அவர் உடம்புக்கு வண்டியில் சும்மா உட்காரத் தெரியாது. அவள் கிளட்சை அமுக்கியதும் அவருடைய வலது கை தானாக நீண்டு கியர்க்கம்பியைப் பிடித்தது. டக்கென்று இரண்டாவது விழுந்தது. அவள் காலை விட்டாள், வண்டி வெண்ணெயாகப் போனது. மறுபடி அமுக்கினாள், அவர் கை மூன்றாவதைப் போட்டது. இரண்டு பேருக்குமே இது தெரியவில்லை என்றால் நீங்கள் நம்பவா போகிறீர்கள்? ஆனால் அதுதான் நடந்தது. இத்தனை வருஷம் ஒரு விரிப்பின் இரண்டு முனையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து உதறி மடித்தவர்கள். ஒருத்தர் கை எப்போது வரும் என்று இன்னொருத்தர் பார்த்ததே கிடையாது. அதே மாதிரி வண்டியையும் ஓட்டினார்கள். கிளட்சு அவள் காலில், கியர் அவர் கையில். மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். சண்டைகூடக் குறைந்துபோனது.

"பயங்கரமா ஓட்டறடி," என்றார் ஒரு நாள். அவர் வாயிலிருந்து அப்படி வந்தால் அது பெரிய விருது. அவளும் நம்பிவிட்டாள்.

லைசென்ஸ் ஆபீசில் சோதிக்கிற அதிகாரிக்கு அன்றைக்குக் கடும் சளி. கைக்குட்டைக்குள்ளேயே பேசினார். வீட்டுக்காரர் வெளி கேட்டில் ஊன்றுகோலோடு நின்றார், பக்கத்தில் கொழுந்தன். அதிகாரி பக்கத்து சீட்டில் ஏறிக் கையைக் கட்டிக்கொண்டார்.

அவள் சீட்டைச் சரி செய்தாள், கண்ணாடியைச் சரி செய்தாள், கியர்க்கம்பியை ஆட்டி நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்தாள். முதல் கியரைப் போட்டாள். கிளம்பும் முன் போடுகிற கியர் என்பதால் அதை மட்டும் அவளே போட்டுப் பழகியிருந்தாள். வண்டி அலுங்காமல் நகர்ந்தது. அதிகாரி தலையாட்டினார். என்ஜின் சத்தம் ஏறியது. இரண்டாவது கேட்கிறது. அவள் கிளட்சை முழுசாக அமுக்கினாள்.

அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

வண்டி ஓடிய வேகத்தில் உருண்டது. என்ஜின் வெறுமனே கத்தியது. அவளுடைய இரண்டு கையும் ஸ்டியரிங்கில் பசை போட்ட மாதிரி இருந்தது. உருண்டு உருண்டு வேகம் செத்து, வண்டி சோதனை மைதானத்தின் நட்டநடுவில் போய் நின்றது. அதிகாரி கைக்குட்டையை இறக்கினார்.

"என்னம்மா? யாருக்காகக் காத்திருக்கீங்க?"

அப்போதுதான் அவள் தன் இடது பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே ஒரு கை நீண்டு வரும் என்று இருந்தாள். அதிகாரியின் கைகள் கட்டியபடியே இருந்தன. மறுபடி முயன்றாள். கியர்க்கம்பியைப் பிடித்து இழுத்தபோது அது எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கைக்குத் தெரியவில்லை. கரகரவென்று பல்லைக் கடித்தது வண்டி. நான்காவதில் போய் விழுந்து, உதறி, அணைந்தது.

"கத்துக்கிட்டு வாங்கம்மா," என்று அதிகாரி இறங்கிவிட்டார்.

கேட்டருகே கொழுந்தன் வாயை மூடிக்கொண்டுதான் சிரித்தான். ஆனால் தோள் குலுங்கியது. சாவிக்காகக் கையை நீட்டினான். "விடுங்க அண்ணி. எல்லாருக்கும் எல்லாமும் வந்துடுமா? வாங்க, நான் கொண்டுபோய் விடறேன்."

அவள் மூட்டைகள் கிடக்கிற பின்பக்கத்தில் ஏறிக்கொண்டாள். அங்கிருந்து என்ன செய்தாள் என்றால், முன்னால் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரரின் வலது கையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். தம்பி கிளட்சை அமுக்கும்போதெல்லாம் அந்தக் கை தொடையிலிருந்து லேசாக எழுந்தது. கியர்க்கம்பியில் தம்பியின் கை இருந்ததால் மறுபடி படுத்தது. எழுந்தது, படுத்தது. வீடு வருவதற்குள் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

இறங்கியதும் அந்தக் கையைப் பிடித்துத் தூக்கினாள். "இது யாரு கை?"

"என்னடி கேள்வி இது?"

"இந்தக் கைதான் என்னைக் கவுத்துச்சு. இத்தனை நாளா நீங்க ஓட்டியிருக்கீங்க, நான் வெறும் கிளட்சு மிதிக்கிற கூலியாளு!"

அவர் கையைப் பார்த்தார். அதை முதல் தடவையாகப் பார்க்கிற மாதிரி பார்த்தார். அப்புறம் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை கொழுந்தன் லோடு ஏற்ற வந்தபோது ஒரு மூட்டைகூட வாசலுக்கு வரவில்லை. எல்லாம் மடித்து, கட்டி, தயாராக உள்ளே இருந்தது. அவள் கதவுநிலையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"லேட்டாகுது அண்ணி. எங்க லோடு?"

"சாவி எங்க?"

"எதுக்கு அண்ணி, இனிமேயும்? நேத்து பாத்தோமே கூத்தை."

"பாத்தல்ல? இன்னும் கொஞ்சம் பாரு. சாவி என் கைக்கு வரலைன்னா ஒரு தலையணை உறைகூட இந்த வாசலைத் தாண்டாது. நீ வெறும் வண்டியை ஓட்டிக்கிட்டுப் போய் ஆஸ்பத்திரியில நின்னு, 'நம்ம லாண்டரிக்கு எல்லாமே நான்தான்'னு சொல்லிட்டு வா."

அவன் முகம் சுண்டிவிட்டது. தன் வாயிலிருந்து வந்த வார்த்தை இவள் காதுக்குப் போயிருக்கிறது என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்தது.

"அண்ணே, நீயாவது சொல்லேன்!"

வீட்டுக்காரர் உள்ளேயிருந்து, "எங்கிட்ட ஏண்டா கேக்கற? எனக்கே காபி வரல" என்றார்.

"நான் நியாயமாத்தான் கேக்கறேன் தம்பி," என்றாள் அவள். "காலையில வந்து சாவியை வாங்கிக்கோ, லோடு இறக்கு. சாயங்காலம் என் கையில குடு. இன்னொரு தடவை சோதனைக்குப் போறேன். அதுலயும் தோத்தா சாவியை நீயே வெச்சுக்கோ. ஆஸ்பத்திரி, லாட்ஜு எல்லாம் உன்னோடது. நான் உள்ளயே கிடக்கறேன், வாயைத் திறக்க மாட்டேன்."

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"மாறினா நாக்கை இஸ்திரி போட்டுக்கறேன்."

அவன் சாவியை எடுத்து அவள் மடியில் போட்டான். சந்தோஷமாகவே போட்டான். ஜெயிக்கிற பந்தயம் என்று நினைத்தவன் முகம் அப்படித்தான் இருக்கும். அவள் அதைக் கையில் எடை பார்த்துவிட்டு, அன்றைய லோடுக்காக அவனிடமே திருப்பிக் கொடுத்தாள்.

அன்று மாலை மைதானத்துக்குப் போனபோது அவள் ஒரு பெரிய துணி மூட்டையைத் தூக்கி வந்து வீட்டுக்காரர் மடியில் வைத்தாள்.

"இது எதுக்குடி?"

"ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சுக்கோங்க. கை வெளிய வந்துச்சு, இறக்கி விட்டுட்டுப் போயிடுவேன்."

"மூட்டை மூஞ்சியை மறைக்குது. ரோடு தெரியல!"

"நான்தான ஓட்டறேன். எனக்குத் தெரியுது."

இப்படி அந்த மனுஷன், ஒரு காலத்தில் ஊரையே ஹாரனால் ஒதுங்க வைத்தவர், லாட்ஜ் போர்வைகளைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார். முதலில் அவள் கை தடுமாறியது. வண்டி பல்லைக் கடித்தது. மூட்டைக்குப் பின்னாலிருந்து, "செகண்டு நேரா கீழ! கீழன்னா கீழ!" என்று குரல் மட்டும் வரும். போகப்போக அவள் அவர் குரலை விட்டுவிட்டு என்ஜின் குரலைக் கேட்க ஆரம்பித்தாள். வண்டி இழுக்க முடியாமல் முனகி நடுங்கினால் கீழ் கியர் கேட்கிறது. தொண்டை கிழியக் கத்தினால் மேல் கியர் கேட்கிறது. மாற்றிய கையைக் கம்பியின் மேலேயே சாய்த்து வைக்காமல் ஸ்டியரிங்குக்குக் கொண்டுவந்துவிட்டாள். அந்தக் கம்பி கை வைக்கிற திண்டு இல்லை, உள்ளே அது எதையோ பிடித்துத் தள்ளுகிறது, சும்மா அழுத்தினால் அதுவும் தேயும் என்று பெருச்சாளி வண்டிக்கு அடியிலிருந்தே சொல்லியிருந்தான்.

வீட்டுக்காரர் விடுவாரா? "கையை ஸ்டைலா கியர் மேல வைடி. இல்லன்னா புதுசுன்னு எல்லாரும் கண்டுபிடிச்சிடுவாங்க."

"நான் புதுசுதான். எவன் கண்டுபிடிச்சா எனக்கென்ன?"

ரிவர்ஸ் எடுக்கும்போது வண்டி முன்னால் உருண்டுகொண்டிருக்கையிலேயே தட்டிப் போடுவது அவர் பழக்கம். அவள் வண்டி செத்தாற்போல் நின்ற பிறகுதான் போட்டாள். "இவ்வளவு நேரமா?" என்பார். "இவ்வளவு நேரந்தான்" என்பாள். எதற்கும் பதில் வைத்திருந்தாள். ஒரு தடவை பதில் இல்லாதபோது ஹாரனை அடித்தாள்.

மேடு மட்டும் அவளைப் பயமுறுத்தியது. மைதானத்துக்கு வெளியே பாலத்துக்கு ஏறுகிற சரிவில் நிறுத்தி எடுக்கும்போது வண்டி பின்னால் நழுவியது. பின்னால் வந்த ஆட்டோக்காரன் எழுதக்கூடாத வார்த்தையில் வாழ்த்தினான்.

"அரை கிளட்சுலயே பிடிச்சு நிறுத்துடி," என்றார் மூட்டை. "நான் காலம்பூரா அப்படித்தான் நின்னேன்."

"நின்னீங்க. அதுக்குத்தான் முட்டியில கத்தி வெச்சாங்க."

அவள் ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். கிளட்சை அமுக்கி முதல் கியர். காலை மெல்ல மேலே கொண்டுவந்து, வண்டி மூக்கைத் தாழ்த்துகிற அந்த இடத்தில் நிறுத்தி, ஆக்சிலேட்டரை ஊட்டி, வண்டி முன்னால் போகத் திமிறும்போது ஹேண்ட்பிரேக்கை இறக்கினாள். ஒரு விரக்கடைகூடப் பின்னால் போகாமல் ஏறியது. இறங்கி, சுற்றி வந்து, மறுபடி அதே மேட்டில் நிறுத்தினாள். மறுபடி. இருட்டும்வரை அந்தப் பாலத்தை விடவில்லை. மூட்டைக்குப் பின்னால் வெகுநேரம் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால் மனுஷன் போர்வையில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து தூங்கியது அதுதான் முதல் தடவை.

இரண்டாவது சோதனைக்கும் அதே அதிகாரி. சளி போய்விட்டிருந்தது, கடுகடுப்பு போகவில்லை. பின்னால் ஆஸ்பத்திரி லோடு ஏற்றியிருந்தாள், முடிந்ததும் நேரே போவதாகத் திட்டம். கேட்டில் ஊன்றுகோலோடு வீட்டுக்காரர்; பக்கத்தில் கொழுந்தன் தோளில் துண்டோடு, வண்டியை எடுத்துப் போகத் தயாராக நின்றான்.

"இன்னிக்கு யாராவது வர்றாங்களா, இல்ல நீங்களே ஓட்டுவீங்களா?" என்றார் அதிகாரி.

"நானே சார்."

முதல், இரண்டாவது, மூன்றாவது. கை போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தது. மைதானத்தை விட்டு வெளிச்சாலைக்குப் போகச் சொன்னார். ஆபீசுக்குப் பின்னால் செங்குத்தாக ஒரு மேடு. பாதியில், "நிறுத்துங்க" என்றார். நிறுத்தினாள். ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள், நியூட்ரலுக்குக் கொண்டுவந்தாள், இரண்டு காலையும் ஆறவிட்டாள்.

பின்னால் ஒரு லாரி வந்து முட்டுகிற மாதிரி நின்றது. கண்ணாடி முழுக்க அதன் முகம். ஹாரனை அமுக்கிப் பிடித்தான்.

"லாரி நிக்குதும்மா. சீக்கிரம் எடுங்க."

"நிக்கட்டும் சார்."

"என்னது?"

"அவன் நிக்கட்டும். நான் அவசரமா எடுத்தா அவன் மேலதான் போய் உக்காருவேன். அப்ப இன்னும் நேரமாகும் அவனுக்கு."

லாரி ஹாரன் காதைக் கிழித்தது. அவள் கிளட்சை அமுக்கினாள். முதல் கியர். காலை மேலே கொண்டுவந்தாள். வண்டி மூக்கைத் தாழ்த்தியது. அங்கேயே பிடித்தாள். இது போனால் சாவி போகும், வாயைத் திறக்க மாட்டேன் என்று கொடுத்த வார்த்தை வாழ்நாள் முழுக்கத் தொண்டையில் நிற்கும். லாரிக்காரன் எட்டிப் பார்த்து ஏதோ சொன்னான். சொல்லிக்கொள்ளட்டும். சத்தம் கனத்தது. ஹேண்ட்பிரேக்கை இறக்கினாள். வண்டி மேட்டைப் பற்றிக்கொண்டு ஏறியது.

உச்சியில் அதிகாரி தன் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். பாராட்டெல்லாம் இல்லை. "ஹாரன் அடிக்கிறவனுக்கெல்லாம் பதில் சொல்லிக்கிட்டு ஓட்டாதீங்க" என்றார்.

"மனசுக்குள்ளதான் சார் சொல்வேன்."

கேட்டுக்கு வந்ததும் கொழுந்தன் அதிகாரியின் முகத்தைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான். விஷயம் புரிந்தும் கையை நீட்டினான். பழக்கதோஷம். "டயர்டா இருப்பீங்க அண்ணி. நான் ஓட்டறேன், நகருங்க."

"நகர மாட்டேன். நீதான் நகரணும், டயரு முன்னாடி நிக்கற."

அவன் நகர்ந்தான். கொஞ்ச நாள் கடைப்பக்கம் வரவில்லை. அப்புறம் வேறொரு கம்பெனியில் டிரைவராகச் சேர்ந்து, அவ்வப்போது வந்து அண்ணனோடு உட்கார்ந்து போகிறான். அந்தக் கம்பெனி வண்டியின் கிளட்சு இப்போது பெருச்சாளியிடம் அடிக்கடி வருகிறதாம். பெருச்சாளி புகார் சொல்லவில்லை.

அன்றைக்கு அவள் வீட்டுக்காரரை ஏற்றிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கு விட்டாள். அது ஒரு குன்றின் மேல் இருக்கிறது. கிடங்கில் துணி வாங்கி வைக்கிற அம்மாள் எட்டிப் பார்த்து, "தம்பி வரலையா?" என்றாள்.

"வர மாட்டான். இனிமே நான்தான் வருவேன். கறை போகலைன்னாலும், கட்டு குறைஞ்சாலும், லேட்டானாலும் எனக்குப் போன் பண்ணி என்னைத் திட்டுங்க. கடை என்னோடது."

"உங்களோடதா? நான் அந்தத் தம்பியோடதுன்னுல்ல நெனச்சேன்."

"பல பேர் நெனச்சாங்க," என்றாள் அவள். அழுக்கு மூட்டைகளைத் தானே தூக்கிப் போட்டாள்.

இறக்கத்தில் வீட்டுக்காரர் மடியில் மூட்டை இல்லை. கைகளைத் தொடைமேல் ஒழுங்காக வைத்திருந்தார். ஆனால் வாய்க்கு யார் மூட்டை வைப்பது?

"இங்கேருந்து கீழ வரைக்கும் இறக்கம்தான். நியூட்ரல் தட்டி விடு. வண்டி தானா ஓடும், பெட்ரோல் மிச்சம். நான் எப்பவும் அப்படித்தான் இறங்குவேன்."

அவள் இரண்டாவது கியரைப் போட்டாள். என்ஜின் உறுமி வண்டியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டது. வளைவில் பிரேக்கை லேசாகத்தான் தொட்டாள்.

"கேக்கறியா? கத்துது பாரு வண்டி!"

"கத்தட்டும். பிரேக் சூடாகிப் புடிக்காம போனா நீங்க கத்துவீங்க, அதுக்கு இது தேவலை."

"இத்தனை வருஷம் ஓட்டினவன் சொல்றேன்…"

"ரொம்பப் பிடிக்கலைன்னா ஓரமா நிறுத்தறேன். இறங்கி நடங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நடக்கிற உத்தேசம் அவருக்கு இல்லை. வண்டி உறுமிக்கொண்டே, அவள் விட்ட வேகத்துக்கு மேல் ஒரு துளிகூடப் போகாமல் இறங்கியது.